இரண்டு மணி நேரத்தில் ஆறு

பேரிக்காயோடு சேர்த்து விரல் நுனியையும் துருவித் தொலைக்காதே மணிமொழி, மனசு இங்கே இல்லை என்பது என் கைக்கே தெரிந்துவிட்டது. மணி பத்து இருபது. பத்து மணிக்கு எண்ண ஆரம்பித்தாள், இதுவரை ஒன்றும் இல்லை. ஹாலில் சோபாவில் இடது பக்கமாகப் படுத்து, வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் என் மருமகள் நிரோஜா. எட்டாம் மாதம். நேற்று ராத்திரியிலிருந்தே பிள்ளை சரியாக அசையவில்லையாம். காலையில் பல் தேய்க்காத வாயோடு வந்து நின்று, "மாமி, ஆள் இண்டைக்கு ஒண்டும் செய்யேல்லை" என்றாள், ஏதோ வேலைக்கு வராத ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரி. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டோம். எடுத்த நர்ஸ் அவசரமே இல்லாமல் பேசினாள்: குளிர்ந்த பழச்சாறு ஒரு டம்ளர் குடி, ஏதாவது சாப்பிடு, இடது பக்கமாகப் படுத்து எண்ணு, இரண்டு மணி நேரத்தில் ஆறு அசைவு வர வேண்டும், வராவிட்டால் மறுபடி போன் செய்துகொண்டிருக்காதே, நேரே கிளம்பி வா. ஆறு. அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மார்க் போட்டிருக்கிறேன், நூற்றைம்பதுக்கு நூற்று நாற்பத்தெட்டு வாங்கினாலும் அந்த ரெண்டு எங்கே போச்சு என்று கேட்பேன், இன்றைக்கு ஆறு வந்தால் போதும் என்று நிற்கிறேன். மாறனுக்குச் சொல்லவில்லை. அவன் கிடங்கில் வேலை செய்கிறவன், போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "ஆறு வரட்டும் மாமி, பிறகு சொல்லுவம்" என்றாள். வாசலில் ஆஸ்பத்திரிப் பை தயாராக இருக்கிறது. நான் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம்தான் பொறுத்தாள். "உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு என்னால எண்ண ஏலாது மாமி. போய் அந்தப் பூசணிப் பாணைச் செய்யுங்கோ. வாசம் வந்தா எனக்கும் சாப்பிட மனம் வரும்" என்று துரத்திவிட்டாள். அதனால்தான் நான் இங்கே, பேரிக்காயோடு.

பாண் என்பது அவள் பாஷை. ரொட்டி, பிரெட், எதுவாகவோ இருக்கட்டும், ஈஸ்ட் இல்லை, பிசைதல் இல்லை, கேக் என்று சொன்னால் யார் வந்து பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள். மாமி என்பதும் அவள் பாஷைதான். சுயமரியாதைக் குடும்பத்தில் பிறந்து, மாலை மாற்றி, தலைவர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசி முடித்த பிறகு சாப்பாடு போட்ட கல்யாணம் என்னுடையது. எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் மாமி என்றால் அது வேறு தெருவின் சொல். யாழ்ப்பாணத்தில் மாமியார் எல்லோருமே மாமிதானாம். முதல் மாதம் சுருக்கென்றது. இப்போது யாராவது அத்தை என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். நான்கு பேரிக்காய், தோலோடு துருவ வேண்டும், பிழியக் கூடாது, அந்தத் தண்ணீர்தான் ரொட்டிக்கு ஈரம் என்று எழுதி வைத்திருக்கிறாள், அவள் அலுவலகத்தில் யாரோ கொடுத்த செய்முறையைத் தமிழில், உருண்டை உருண்டையான எழுத்தில். இந்த ஊரில் அக்டோபர் வந்தால் எல்லாக் கடை வாசலிலும் பூசணியும் பேரிக்காயும் ஆப்பிளும்தான், மரங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் பழுத்து உதிர்கின்றன, போன வாரம் டொராண்டோ போய்த் திரும்பிய ரயில் ஜன்னலில் அதைப் பார்த்தபோது வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். இப்போது ஜன்னல் பக்கம் கண் போகவில்லை. குப்பைக் கூடையின் விளிம்பில் நேற்றைய பூசணித் தோல் தொங்குகிறது. வெளிர் மஞ்சள், மெழுகு பூசியது மாதிரி. அதைத்தான் பார்க்கிறேன். நேற்று சாயங்காலம் அந்தப் பூசணியை அவளை வெட்டச் சொன்னது நான்.

சொன்னேன் என்பதுகூடப் பொய், வெட்ட வைத்தேன். என் மணிக்கட்டு வீங்கியிருந்தது, குளிர் வந்தால் வந்துவிடுகிற வலி. நீ வெட்டேன் என்றேன். அவள் கத்தியை எடுத்துக்கொண்டு நின்றாள். "முழுப் பூசணியை வயித்துப்பிள்ளைக்காரி வெட்டக் கூடாதெண்டு அம்மா சொல்லுவா மாமி" என்றாள், சிரித்துக்கொண்டுதான், ஆனால் கத்தி இறங்கவில்லை. அங்கே விட்டிருக்கலாம். வேலையிலிருந்து வந்து சோபாவில் மல்லாந்து கிடந்த மாறனைக் கூப்பிட்டிருக்கலாம். நான் விடுவேனா. எனக்குத்தான் மேடை கிடைத்துவிட்டதே. பூசணிக்கு விதை அறை இருக்கிறது, கர்ப்பப்பைக்கு ஒப்பாகப் பார்த்தார்கள், அதிலிருந்து பயம், பயத்திலிருந்து விதி, ஆம்பிளை வந்து முதல் வெட்டுப் போட்டுக் கொடுத்தால் தோஷம் போய்விடுமாம், ஏன், ஆம்பிளை கத்தியில் மட்டும் மருந்தா தடவியிருக்கு, என்று நின்றபடியே ஒரு பீரியட் பாடம் நடத்திவிட்டேன். வெட்டும்மா, ஒண்ணும் ஆகாது என்றேன். இரு இரு, போட்டோ எடுக்கிறேன் என்று போனையும் கண்ணாடியையும் தேடி அறைக்குள் போனேன். திரும்பி வந்தபோது கத்தி ஏற்கெனவே பாதி இறங்கியிருந்தது, அவள் இரண்டு கையாலும் அதன் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள், எவ்வளவு தைரியம் என் மருமகளுக்கு என்று பூரித்துப்போய் எடுத்தேன். எடுத்ததோடு விட்டேனா. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழுவில் போட்டேன். 'எட்டாம் மாதத்தில் என் மருமகள் பூசணியையும் மூடநம்பிக்கையையும் ஒரே வெட்டில்' என்று எழுதினேன். முப்பத்தேழு பேர் கை தட்டியிருக்கிறார்கள். தாவரவியல் லூர்து மேரி டீச்சர் மட்டும் ஒன்றும் போடவில்லை. பார்த்துவிட்டாள், நீல டிக் இருக்கிறது. ஒன்றும் போடவில்லை.

"ஒண்டு, மாமி!" அப்பா. பத்து இருபத்தாறு. "நல்லா உதைச்சுதாம்மா?" "இல்லை, மெல்லமா உருண்டமாதிரி. எண்ணலாம்தானே?" எண்ணலாம், எண்ணலாம், அரை மார்க் எல்லாம் கிடையாது, உருண்டாலும் ஒன்றுதான். வேக வைத்து மசித்த பூசணி ஒன்றரைக் கப். நேற்றே அடுப்பில் வைத்து மசித்துவிட்டேன். வழுவழுவென்று, பரங்கிக்காய் அல்வாவின் நிறம். இது பூசணியே இல்லை என்று சொல்லிப் பார்க்கலாமா? கழுத்து நீண்டு, குடுவை மாதிரி, நம் ஊர்ப் பூசணி இப்படியா இருக்கும். சுரைக்காய் ஜாதி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் விதி இதற்குப் பொருந்தாது. சொல்லிக்கொள்ளேன் மணிமொழி. முடியவில்லை. போன வாரம் கடையில் இதைப் பார்த்ததுமே போனில் தேடிப் படித்துத் தொலைத்தேன், இதுவும் நம் பரங்கிக்காயும் ஒரே இனம், அறிவியல் பெயரில் இரண்டு சொல்லும் ஒன்று. எதையும் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்ற என் புத்தி இப்போது தப்பிக்கிற கதவை எல்லாம் தானே சாத்திவிட்டு வருகிறது. சரி, ஒரே இனம்தான், இருக்கட்டும், அதனால் என்ன. ஒரு காயின் தோலில் இரும்பு பட்டால் வெட்டியவள் வயிற்றுக்குள் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. ஆகாது என்று எனக்குத் தெரியும். பின்னே ஏன் அந்தத் தோலைக் கூடைக்குள் தள்ளிவிடக்கூடப் பயமாக இருக்கிறது.

முட்டை இரண்டு. முட்டையை உடைக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு நொடி கை நிற்கும், அது தொழில் பழக்கம். கடை முட்டையில் ஒன்றும் இருக்காது, தெரியும். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒரு தடவை அடைகாக்க வைத்த முட்டையைக் கொண்டுவந்து, மூன்றாம் நாள் ஓட்டில் சின்னதாக ஜன்னல் வெட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். நாற்பத்தெட்டு பெண் பிள்ளைகள், பேச ஆரம்பித்தால் மழை பெய்வது கேட்காது. ஒவ்வொருத்தியாக வந்து குனிந்து பார்ப்பார்கள். மஞ்சள் கருவின்மேல் கடுகளவு சிவப்பு. துடிக்கும். கண் இல்லை, வாய் இல்லை, மூளை என்று சொல்ல ஒன்றும் உருப்படியாக இல்லை, ஒரு நரம்பும் இன்னும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை, அதற்குள் துடிக்க ஆரம்பித்துவிடுகிறது. வகுப்பே அடங்கிப்போகும். ஒரு வருடம் காளீஸ்வரி என்று ஒரு பெண், கடைசி பெஞ்ச், எதிலும் தேறாதவள், நிமிர்ந்து என்னைப் பார்த்து, "டீச்சர், யார் சொல்லி அது துடிக்குது?" என்றாள். தானா துடிக்கும், இதயத் தசையின் இயல்பு, எழுதிக்கோ என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். பரீட்சையிலும் அப்படியே எழுதினாள். முழு மார்க் போட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, யார் சொல்லி, யார் சொல்லி என்று அதுவே ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்ன பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லி முடித்த பிறகும் அந்தக் கடுகு அங்கேயே துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும், முப்பத்திரண்டு தடவையும். ஓடு ஒரு துண்டு கிண்ணத்தில் விழுந்துவிட்டது, எடு, எடு, கரண்டியால் வராது, ஓட்டாலேயே அள்ளு.

எண்ணெய், தயிர், சர்க்கரை, பேரிக்காய், பூசணி, முட்டை எல்லாம் ஒரு பாத்திரம். மாவு, சோடா உப்பு, பட்டைத்தூள், சாதிக்காய், சுக்குத்தூள் இன்னொரு பாத்திரம். இதை அதில் கொட்டி, அதிகம் கிண்டக் கூடாது. மூன்று இடத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாள், மாமியார் கையை அறிந்த மருமகள். நாற்பது வருடம் இட்லி மாவை அடியிலிருந்து மேலே வாரி வாரிக் கலக்கிய கை இது, மாவைக் கண்டால் சும்மா இருக்காது. இங்கே வெள்ளை மறைந்ததும் நிறுத்திவிட வேண்டுமாம். கட்டி கட்டியாக இருந்தால் இருக்கட்டுமாம். பாதியில் விடுவது எவ்வளவு கஷ்டம். இன்னும் ரெண்டே சுற்று என்கிறது கை. வேண்டாம். உன் கை வைத்தது போதும். டின்னில் ஊற்று, தட்டு, அடுப்பில் வை, கதவைச் சாத்து. முந்நூற்று ஐம்பது டிகிரி, ஐம்பத்தைந்து நிமிடம். பத்து நாற்பது. "நிரோ, என்னம்மா?" "ஒண்டுதான் மாமி." "ஜூஸ் குடிச்சியா?" "குடிச்சிட்டன். நீங்கள் கேக்காதேங்கோ, வந்தா நான் சொல்லுவன்." சரி, கேட்கவில்லை. பாத்திரம் கழுவுகிறேன். தண்ணீர் சத்தத்தில் அவள் குரல் கேட்காமல் போய்விடும் என்று குழாயை மூடிவிட்டு, சோப்பு நுரையோடு நிற்கிறேன்.

சொல்லிவிடு, உனக்குள்ளேயாவது சொல்லிவிடு. பூசணி இல்லை, தவளை. மாறனுக்கு முன்னால் எனக்கு ஒன்று இருந்தது. பெண். எண்பத்தாறாம் வருடம், ஏழாம் மாதம், வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருடம். பிராக்டிகல் சீசன். அந்த வாரம் மட்டும் இருபது தவளை அறுத்துக் காட்டினேன். மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நாலு கால்களிலும் ஊசி குத்தி, நடுவில் கத்திரி. இதயத்தை எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டால் அதுவும் தனியாகத் துடிக்கும், பாருங்கள் பிள்ளைகளே என்றேன். வியாழக்கிழமை வயிறு அமைதியாக இருந்தது. அசதியாக இருக்கும் என்று நினைத்தேன். எண்ணு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை போனேன், டாக்டரம்மா குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார், இடம் மாற்றி மாற்றி வைத்தார், பிறகு எழுந்து போய்க் கை கழுவினார். ஏன் டாக்டர் என்று கேட்டேன். "சில சமயம் இப்படி ஆகும்மா" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு என் மாமியார் வாசல்படியில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "நாலு காலையும் விரிச்சு ஆணி அடிச்சு அறுத்தாளே, அது சும்மா விடுமா?" அன்றைக்கு அழவில்லை, சண்டை போட்டேன். மாறன் வயிற்றில் இருந்தபோது அவர் கண் முன்னாலேயே தவளை டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன், ஒன்பதாம் மாதம்வரை அறுத்தேன். மாறன் பிறந்தான், மூன்றரைக் கிலோ. ஜெயித்துவிட்டேன். முப்பத்தாறு வருடமாக அதைத்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பூசணி வெட்டு, கிரகணத்தில் வெளியே போ, ஒன்றும் ஆகாது, என்னைப் பார். இப்போது அந்தப் பூசணிக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தால், தவளைக்கும் கொடுக்க வேண்டும். தவளைக்குக் கொடுத்தால் அந்தப் பிள்ளையைக் கொன்றது நான். அதனால் கொடுக்க முடியாது. கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. என் மாமியார் உட்கார்ந்த அதே வாசல்படியில் இன்றைக்கு நானே உட்கார்ந்து என்னையே ஏசிக்கொண்டிருக்கிறேன்.

"ரெண்டு." பத்து ஐம்பத்து நாலு. "கொஞ்சம் பலமாத்தான்." பலமாகத்தான், பலமாகத்தான் என்று நுரைக் கையோடு எனக்குள் சொல்லிக்கொண்டேன். மற்றவர்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் கூப்பிட ஒரு பெயர் இருக்கிறது. நிரோஜா வாய்க்குள் முருகா என்கிறாள், உதட்டைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கு யார் இருக்கிறார்கள். கூப்பிட ஒரு பெயர் இல்லாமல் வளர்த்துவிட்டார் என் அப்பா, அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் இப்போது வாய் சும்மா இருக்கவில்லை. பாடத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சத்தியமாக, அடுப்பு முன்னால் நின்றுகொண்டு, பதினோராம் பாடம். ஒரே ஒரு செல். அது ரெண்டாகப் பிளக்கும், நாலாகும், எட்டாகும், முசுக்கொட்டைப் பழம் மாதிரி ஒரு உருண்டை. மூன்று அடுக்கு. வெளியடுக்கிலிருந்து தோலும் நரம்பும், நடுவடுக்கிலிருந்து இதயமும் எலும்பும் ரத்தமும், உள்ளடுக்கிலிருந்து குடலும் நுரையீரலும். நாலாம் வாரத்தில் இதயம், ஐந்தில் கைமொட்டு. விரல்கள் முதலில் ஒட்டியிருக்கும், நடுவில் உள்ள செல்கள் தாமாகச் செத்து வழிவிடும், அப்போதுதான் விரல் பிரியும். செத்து வழிவிடும் என்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். ஆயிரம் தடவை சொன்ன வரி. பத்து விரல் பிரிவதற்காக யாரோ சத்தமில்லாமல் செத்திருக்கிறார்கள், நம் எல்லோருடைய கையிலும். நுரை காய்ந்துபோன என் கையைப் பார்த்தேன். வீங்கிய மணிக்கட்டு, வளைந்த சுண்டுவிரல். இதுவும் அப்படி வந்ததுதான். எவ்வளவு பெரிய காரியம், யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்திருக்கிறது.

அடுப்புக் கண்ணாடியில் வெளிச்சம் இருக்கிறது. குனிந்து பார்த்தால் மாவு எழும்பிக்கொண்டிருக்கிறது. முதலில் ஓரம், பிறகு நடு. சோடா உப்பும் தயிரின் புளிப்பும் சேர்ந்தால் கரியமில வாயு, சூட்டில் காற்று விரிகிறது, முட்டையின் புரதம் இறுகி அதைப் பிடித்துவைக்கிறது. எல்லாம் தெரியும். தெரிந்தும் முட்டி வலிக்க வலிக்கக் குந்தி உட்கார்ந்து பார்க்கிறேன். நடுவில் ஒரு கோடு விழுந்து, மெல்லப் பிளந்து, உள்ளேயிருந்து ஈரமான மஞ்சள் மேலே வருகிறது, யாரும் தொடவில்லை, நான் கிண்டாமல் விட்டது, கட்டி கட்டியாக விட்டது, தானாக ஒழுங்காகிக்கொண்டு வருகிறது. பட்டையும் பேரிக்காயும் சேர்ந்த வாசம் வீடு முழுக்க. இவ்வளவு பயத்திலும் எனக்கு அது அழகாக இருந்தது, அழகாக இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. "மூண்டு!" பதினொன்று பத்தொன்பது. மூன்று. பாதி. நேரத்தில் பாதிக்குமேல் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பதினொன்று இருபத்தைந்து. பதினொன்று முப்பது. நான் கேட்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஹாலில் அவள் பாட்டுப் பாடிப் பார்ப்பது கேட்டது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

பதினொன்று முப்பத்தைந்துக்கு அடுப்பு கூவியது. பல்குச்சியை நடுவில் குத்தி எடுத்தேன், சுத்தமாக வந்தது. பத்து நிமிடம் ஆற விட வேண்டும் என்று எழுதியிருக்கிறாள், ஆற விட எங்கே நேரம். ஏழு நிமிடத்தில் கவிழ்த்து, சூட்டோடு ஒரு துண்டு வெட்டி, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே ஈரம் மின்னியது. நிரோஜா படுத்தபடியே ஒரு விள்ளல் வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். "நல்லா வந்திருக்கு மாமி" என்றாள். கண் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. "இன்னும் பதினைஞ்சு நிமிஷம்" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்து என்னை நன்றாகப் பார்த்தாள். "மாமி, ஒண்டு சொல்லட்டோ? காலமையிலயிருந்து நீங்கள் அந்தப் பூசணித் தோலையே பாத்துக்கொண்டு நிக்கிறியள். நான் இஞ்ச இருந்து பாத்தனான்." "இல்லம்மா, அதெல்லாம்..." "நான் வெட்டேல்லை மாமி. நீங்கள் போன் எடுக்க அறைக்குப் போனியள்தானே, அப்ப அவர் எழும்பி வந்து முதல் வெட்டு வெட்டினவர். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை எண்டவர். நான் பிறகு கத்தியைச் சும்மா பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான். உங்களை ஏமாத்த எண்டு இல்லை. எனக்கு உள்ளுக்கை கொஞ்சம் பயம். அவருக்கும்தான்."

அவருக்கும்தான். என் வயிற்றில் பிறந்த பிள்ளை, நான் தவளை அறுக்க அறுக்க உள்ளே வளர்ந்த பிள்ளை. சிரித்திருக்க வேண்டும் நான். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. சோபா ஓரத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆம்பிளை வெட்டிவிட்டானா, அப்பாடா. இப்படி ஒரு பெருமூச்சு எனக்குள் இத்தனை வருடம் எங்கே உட்கார்ந்திருந்தது. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஏனென்றால் பூசணி போனதும் பயம் போகவில்லை. பூசணி இருந்தவரை அந்தப் பயத்துக்கு ஒரு பிடி இருந்தது, நான் செய்தேன், என்னால் ஆனது, என்னை ஏசு, என்னை எடுத்துக்கொள் என்று பேரம் பேச ஒரு முகம் இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. யாரும் செய்யவில்லை. பூசணியும் இல்லை, தவளையும் இல்லை. சில சமயம் இப்படி ஆகும்மா. என் மாமியார் சொன்னதைவிட நான் அதிகம் வெறுத்தது அந்த வரியைத்தான் என்று முப்பத்தெட்டு வருடம் கழித்து இந்தத் தரையில் உட்கார்ந்துதான் தெரிகிறது. அவரோடாவது சண்டை போட முடிந்தது. அந்த வரியோடு என்ன சண்டை போடுவது. அந்தப் பிள்ளைக்காக நான் அழவே இல்லை, வாதாடிக்கொண்டுதான் இருந்தேன். அழுதேன். இப்போது, சத்தம் போட்டு, மருமகள் முன்னால், வெட்கமில்லாமல். நிரோஜா பயந்துபோய், "ஐயோ மாமி, ஏன் அழுறியள், நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். "எனக்கு உனக்கு முன்னாடி... மாறனுக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்துச்சும்மா" என்றேன். இந்த வீட்டில் முதல் தடவை. மாறனுக்குக்கூடத் தெரியாது. அவள் என் தலையில் கையை வைத்தாள்.

தடவிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. "மாமி." என்னம்மா. "நாலு." நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். பதினொன்று ஐம்பத்து மூன்று. அவள் வாயில் இன்னும் ரொட்டித் துணுக்கு இருந்தது, விழுங்க மறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிடத்தில் நான் ஒன்றும் கேட்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, பாடமும் வரவில்லை. "அஞ்சு" என்றாள், மூச்சுக்குள். பிறகு சட்டையை மேலே தூக்கி, என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் தயங்கினேன், நாலு மாதமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அவள் வயிற்றைத் தொட்டதில்லை, கேட்டதும் இல்லை. "வையுங்கோ மாமி, இஞ்ச, இஞ்ச." தோல் சூடாக, இறுக்கமாக இருந்தது. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து ஏதோ ஒன்று மெல்ல உருண்டு வந்து, நின்று, என் உள்ளங்கையின் நடுவில் ஓங்கி ஒரு இடி இடித்தது. குதிகாலா முழங்கையா தெரியவில்லை. யாரோ ஒரு ஆள். உள்ளே வெளிச்சமே பார்க்காமல், நாங்கள் இங்கே பட்ட பாடு ஒன்றும் தெரியாமல், தூங்கி எழுந்த ஒரு ஆள். "ஆறு" என்றாள் நிரோஜா, சிரிப்பும் அழுகையுமாக. மறுபடி இடித்தது. "ஏழு. எண்ணுங்கோ மாமி, டீச்சர்தானே நீங்கள்." எனக்கு எண்ண வரவில்லை. பன்னிரண்டு மணி தாண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை.